முதுகு காட்டி நின்ற வள்ளம்

தாழந்துறையில் கடல் தெருவுக்குள் வந்து தங்கியிருந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கடலைக் குற்றம் சொல்வதில்லை, தொம்மந்திரையின் வாயைத்தான் குற்றம் சொல்வார்கள். அந்த வாய் ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் கடல் தன் இடத்தில் கிடந்திருக்கும், ரெஜினாளின் அடுப்பு நனைந்திருக்காது, கோயில் கிணறு உப்பாகியிருக்காது என்பார்கள்.

'தாங்கு' என்பதுதான் அந்தச் சொல்.

தாழந்துறையில் வள்ளம் வைத்திருப்பவன் அதைத் தனியாகக் கடலில் இறக்க முடியாது, ஏனென்றால் வள்ளம் கனம், மணல் அதைவிடக் கனம். ஆகவே வள்ளத்துக்காரன் அதன் பின்பக்கம் நின்று, வாயின் இரு பக்கமும் கையைக் குவித்து, 'தாங்கு!' என்று கூப்பிடுவான். காதில் விழுந்தவன் எவனாக இருந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, சவரத்துக்கு முகத்தில் சோப்புப் போட்டிருந்தாலும் சரி, கூப்பிட்டவனோடு நேற்றுத்தான் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தாலும் சரி, ஓடிவந்து தோள் கொடுத்தாக வேண்டும். கூப்பிடாதவனின் வள்ளத்தை யாரும் தொடக்கூடாது. அது அடுத்தவன் மடியில் கைவிடுவதற்குச் சமம்.

தொம்மந்திரைக்கு மீசை அரும்பிய காலத்தில், அவருடைய அப்பா லாசர், ஏலத்தில் நல்ல மீனையெல்லாம் தன் மச்சானுக்கே தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஊர்த் தலைவரை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். கமிட்டி கூடி, இனி லாசர் கூப்பிட்டால் யார் காதிலும் விழக்கூடாது என்று முடிவு செய்தது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், வாடைக்காற்றில் கரை திரும்பிய லாசரின் வள்ளம் அலை மடங்கும் இடத்தில் பாய்மரம் முறிந்து குறுக்கே மாட்டிக்கொண்டது. லாசர் கூப்பிட்டார். வள்ளத்துக்குள் இருந்த தொம்மந்திரையும் தொண்டை கிழியக் கூப்பிட்டார். கரையில் ஊர் ஆண்கள் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திமிரில் கட்டிக்கொள்ளவில்லை, கட்டாமல் விட்டால் கை தானாக ஓடிவிடும் என்பதால்தான் கட்டிக்கொண்டோம் என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். வள்ளம் அவர்கள் கண் முன்னால் பலகை பலகையாகப் பிரிந்தது. நீந்திக் கரையேறிய லாசர் அந்த வரிசைக்கு நடுவே ஈரத்தோடு நடந்து போனார். வீட்டைக் காலிசெய்து தெருவின் மேற்குக் கோடிக்கு, செம்மணல் தேரி தொடங்கும் இடத்துக்குக் குடிபோனார். சாகும்வரை உப்புத் தண்ணீரில் கால் நனைக்கவில்லை.

தொம்மந்திரை ஐஸ் ஆலையில் கட்டி தூக்கியே கிழவரானார். ஊரிலுள்ள மீனெல்லாம் அவர் தோளில் சுமந்த ஐஸில்தான் படுத்தது. ஆனால் அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை, திருவிழாப் பந்தியில் உட்காரவில்லை, எவனாவது 'தாங்கு' என்று கூப்பிடுவது மேற்குக் கோடிவரை கேட்கும்போலிருந்தால் எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அன்று கை கட்டி நின்றவர்களின் பெயர்களை, நின்ற வரிசை மாறாமல், ஜெபம் சொல்வதுபோல மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் தூங்குவார். அவர்களில் ஒருவர் செத்துப்போனால் அந்த இடத்தில் மகனுடைய பெயரைப் போட்டுக்கொள்வார். வரிசையில் இடைவெளி விழ அவர் விட்டதே இல்லை.

வேலையை விட்டு நின்ற மறுவாரம் அவர் பக்கத்துத் துறைமுகத்தின் உப்பளங்களுக்குப் பின்னால் போய், யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு பழைய பாய்மர வள்ளத்தை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பல கை மாறிய வள்ளம் அது. கடைசியாக வைத்திருந்தவர்கள் அதற்குள் ஆடு கட்டியிருந்தார்கள். அது தெரு வழியே வந்தபோது ஊர் முழுக்க ஆட்டுப் புழுக்கை நாற்றம் அடித்தது.

அவர் மனைவி சலேத்தாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னது இது?"

"வள்ளம்."

"நான் ஆட்டுக் கொட்டகைன்னுல்லா நெனச்சேன். ஆட்ட எங்க விட்டுட்டு வந்தீரு?"

"இதக் கடல்ல எறக்கப் போறேன் சலேத்து."

"யாரு தாங்குவா?"

"எவனும் தாங்க வேண்டாம். நான் கூப்பிடவும் மாட்டேன்."

"அப்ப கடலு எந்திரிச்சு நம்ம வீட்டுக்கு வருமாக்கும்."

"வரட்டும்," என்றார் தொம்மந்திரை.

டிராக்டர்காரன் இறக்கியபோது வள்ளத்தின் முகப்பு மேற்கே தேரியைப் பார்த்து விழுந்தது. நிலத்தில் வைக்கும் வள்ளம் கடலைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். தாழந்துறையில் பிள்ளைகள் காகிதக் கப்பல் செய்தால்கூட அதைக் கிழக்கே பார்த்துத்தான் வைக்கும். டிராக்டர்காரன் உள்நாட்டு ஊர்க்காரன்தான், ஆனாலும் அவனுக்கே உறுத்தியது. "திருப்பிப் போடவா பெரியவரே?" என்று கேட்டான்.

தொம்மந்திரை சுற்றி நடந்து பார்த்தார். வள்ளத்தின் பின்பக்கம் தெருவையும் கோயிலையும் கமிட்டிக் கட்டடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"கெடக்கட்டும். இந்த ஊருக்குப் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டே நிக்கட்டும்."

முதலில் புழுக்கையை அள்ளினார். அடுத்து, பலகை இடுக்குகளில் பூத்திருந்த உப்பைத் தேங்காய் நாரால் தேய்த்தார். பின்பு, ஒடிந்த கருக்கரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு வள்ளத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, வருஷக்கணக்காக ஒட்டிக் காய்ந்து கல்லாகிப் போயிருந்த கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டத் தொடங்கினார். கொட்டலசு ஓடுகள் முகத்தில் தெறித்தன, கழுத்தில் கீறின, தாடியில் சிக்கின. அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு சாண் இடம்தான் சுத்தமானது. மறுநாள் காலை, கோயிலுக்கு எதிரே, தெரு தொடங்குகிற இடத்தில், கடல் தன் கோட்டை விட்டு ஒரு சாண் ஏறி வந்து ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்றார்கள். தொம்மந்திரை இன்னொரு சாண் சுரண்டினார். கடல் இன்னொரு சாண் வந்தது. கரை முழுக்க வரவில்லை, ஒரு வள்ளத்தின் அகலத்துக்கு மட்டும், பசு நாக்கை நீட்டுவதுபோல நீட்டிக்கொண்டு வந்தது. வலை உலர்த்தும் மேட்டைக் கடந்தது, கொடிமரத்தைச் சுற்றிப் பார்த்தது, தெருவுக்குள் நுழைந்தது.

கொட்டலசு போன இடங்களில் சாயம் வெளியே வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு நிறம் பூசி ஒரு பெயர் எழுதியிருந்தார்கள். நீலத்தில் 'நல்லாயன்' இருந்தது. நீலத்தைச் சுரண்டினால் பச்சையில் 'ரஹ்மத்' இருந்தது. பச்சையைச் சுரண்டினால் சிவப்பில் 'முத்துமாரி' இருந்தாள். தொம்மந்திரை எல்லாவற்றையும் சுரண்டினார்.

"சாமி பேரையெல்லாமா சொரண்டுறீரு?" என்று சலேத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் எறங்கட்டும். நான் ஏறின பெறவு, இஷ்டம் இருக்கவங்க ஏறட்டும்."

கடல் தெருவில் ஏற ஏற, தெரு அதற்கு இடம் கொடுத்துப் பழகியது. பெண்கள் வாசல்படியில் குந்தியபடியே மீன் கழுவினார்கள், கழுவிய தண்ணீருக்கு வந்த மீனையும் பிடித்துக்கொண்டார்கள். தெருவிலும் ஏற்றமும் வற்றமும் உண்டாயின. வற்றத்தின்போது சைக்கிள் போகலாம், ஏற்றத்தின்போது சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். டீக்கடை இஞ்ஞாசி பெஞ்சுகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து உயர்த்தினார்; கால் நனைத்துக்கொண்டு குடிக்கும் டீக்கு ருசி அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். சப்பரத் திருவிழா வந்தது, சப்பரம் போகிற பாதையில் கடல் கிடந்தது, ஆகவே மாதாவைக் கட்டுமரத்தில் ஏற்றித் தெருவைச் சுற்றினார்கள்; மாதா முகத்தில் அந்த வருஷம்தான் களை இருந்தது என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். தெருவில் தூண்டில் போடுவதற்கு வீட்டுக்காரருக்கு உரிமையா ஊருக்கு உரிமையா என்று கமிட்டி கூடிப் பேசியது, பேசி முடிவதற்குள் மீனெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அதிகாரிகள் வந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். வரைபடத்தில் தெரு இருந்தது, கடல் இல்லை. ஆகவே இங்கே கடல் இல்லை என்று சொல்லிவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ரெஜினாளின் பாடுதான் திண்டாட்டமானது. அவள் தன் சமையல் சாய்ப்பைத் தெருவுக்குள் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தாள். மனிதர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கடல் நேரே வந்தது. அவள் அடுப்பைத் தூக்கி மேசையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக் கையை நீட்டி, "வந்ததுதான் வந்தே, காலக் கழுவிட்டு வந்திருக்கப்படாதா? இம்புட்டு மண்ணையும் யாரு கூட்டுவா?" என்று சத்தம் போட்டாள்.

இந்தக் கடலுக்கும் தொம்மந்திரைக்கும் சம்பந்தம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் இஞ்ஞாசி. தொம்மந்திரை காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் கடல் அவருடைய கடைக்கு முன்னால் நின்று நகராமல் பாசி பிடித்தது. தொம்மந்திரை எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அரிவாளை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். கடல் பாசியை உதறிவிட்டு இரண்டு அடி நகர்ந்தது. அதன் பிறகு டீக்கடையில், "இன்னைக்கு எதுவரைக்கும் சொரண்டியிருக்காரு?" என்று கேட்பதுதான் பேச்சாக இருந்தது.

இஞ்ஞாசி கணக்கு இன்னொன்றும் சொன்னது. அந்த வள்ளம் கடலில் இறங்கிவிட்டால் கடலுக்குத் தெருவில் வேலை இல்லை, போய்விடும். அதை இறக்க ஊர் தயாராகவே இருந்தது. ஆனால் அவர் கூப்பிட வேண்டும். கூப்பிடாதவன் வள்ளத்தை எப்படித் தொடுவது?

இதற்குள் கோயில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிட்டது. குடத்தோடு தேரிப் பக்கம் நடக்க வேண்டிவந்த பெண்கள், போகிற வழியில் தொம்மந்திரையின் வேலியைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு சிலர் சொல்லாமல் சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டும் போனார்கள்.

ரெஜினாள் ஒருநாள் சேலையை முட்டுக்கு மேல் சொருகிக்கொண்டு வந்தாள்.

"கொழுந்தனாரே, எங்க மேசைக்கு அடியில ஒரு பாற மீனு குடும்பத்தோட வந்து படுத்துக் கெடக்கு. மீனு வாங்க வேண்டாம், அது சரிதான். ஆனா வேற மீனு உள்ள வர அது வுட மாட்டேங்குது. பாற தின்னு தின்னு பிள்ளைகளுக்கு வெறுத்துப் போச்சு."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும் மைனி?"

"கூப்பிட்டா கூப்பிடும், கூப்பிடாட்டி போம். அது ஒம்ம பாடு. ஆனா சொரண்டுறதச் சட்டுன்னு சொரண்டும். பாதியில வுட்டுட்டு மறுக்கக் காய்ச்சல்னு படுத்தீரு, கஞ்சி ஊத்த மாட்டேன், பாற மீனத்தான் ஊட்டுவேன்."

பங்குச் சாமியார் வந்து மன்னிப்பைப் பற்றி மென்மையாகப் பேசினார். தொம்மந்திரை அவருக்கு முக்காலி போட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, முடியும்வரை கேட்டார். முடிந்ததும், "சாமி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் பலக மாத்தணும்," என்றார்.

மட்கிய பலகையைப் பெயர்த்து அயினிப் பலகை வைத்தார். வைத்த பலகை முதல் தடவை அளவு தவறிப் பிளந்தது; திட்டிக்கொண்டே இன்னொன்று அறுத்தார். அவர் தச்சர் இல்லை, ஐஸ் தூக்கியவர். அவருடைய ஆணிகள் கோணலாகப் போயின. சலேத்தாள் காடாத் துணியைத் தையல் மெஷினில் ஓட்டிப் பாய் தைத்தாள். துணி அறையை நிறைத்து, ஜன்னல் வழியே வெளியே தொங்கி, கோழிகள் அதன்மேல் முட்டையிட்டன.

அவர் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்த காலையில் ஊர்த் தலைவர் கஸ்பார் வந்தார். பலகைகளின் இடுக்கில் இருந்த பழைய பஞ்சை நோண்டி எடுத்துவிட்டு, எண்ணெயில் நனைத்த புதுப் பஞ்சை உளியால் இறுக்கி அடைப்பதுதான் கலப்பத்து. கஸ்பார் தெரு வழியாகக் கட்டுமரத்தில், கம்பு ஊன்றி வந்தார். அவருடைய அப்பாதான் அன்றைக்கு ஊர்த் தலைவர், வரிசையில் முதல் ஆள்.

"என்னவே தொம்மந்திரை, வேலையெல்லாம் நடக்கா?"

தொம்மந்திரை பஞ்சைத் திரித்தார்.

"ஒரு வார்த்த கூப்பிடும். ஊரே ஓடியாரும். நானே மொத தோளு குடுக்கேன்."

டொக், டொக் என்று உளி பேசியது.

"என்னதான் வேணும் ஒமக்கு? மன்னிப்பா? நான் கேக்கேன். கமிட்டியே கேக்கும், கோயில்ல வச்சுக் கேக்கும்."

"மன்னிப்ப வச்சுக் கலப்பத்து அடிக்க முடியாது ஓய். பஞ்சு இருந்தாக் குடும், அடிக்கேன்."

"செத்துப்போன ஆளுக செஞ்சதுக்கு நாங்க என்ன செய்ய?"

தொம்மந்திரை அப்போதுதான் தலையைத் தூக்கினார். "ஒம்ம கை ரெண்டும் எங்கேருந்து வந்துது? கடையில வாங்கினீரா?"

கஸ்பார் தன் கைகளைப் பார்த்தார். அப்பாவுடையது போலவே கட்டைவிரல் பட்டையாக இருந்தது. அதை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாங்க என்ன செய்யணுங்கீரு?"

"கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அன்னைக்கி நின்ன மாதிரியே, வரிசையா. நான் ஒங்க முன்னால கடலுக்குப் போவேன். நீங்க பாக்கணும். அம்புட்டுத்தான்."

கஸ்பாருக்கு முகம் கறுத்துவிட்டது. கம்பை ஊன்றிக் கட்டுமரத்தைத் திருப்பினார். திருப்பியவர் நின்று, வள்ளத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் வாயில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"நிப்போம்வே. கையக் கட்டிக்கிட்டே நிப்போம். ஆனா ஒண்ணு. கடலு வந்து தூக்கும், சரி. ஒம்ம வள்ளம் தேரியப் பாத்துல்லா நிக்கு? ரெண்டு பக்கமும் சொவரு. இதுக்குள்ள எப்படித் திருப்புவீரு? தூக்கித் திருப்ப ஊரு பூரா வேணும். அப்பக் கூப்பிடுவீருல்லா, நாங்க அந்தான நிக்கோம்."

கட்டுமரம் போய்விட்டது. தொம்மந்திரை உளியைக் கீழே வைத்தார். தெருவைப் பார்த்தார். தண்ணீர் ஒரு வள்ளத்தின் அகலத்துக்குத்தான் இருந்தது, அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் சுவர், அவருடைய வள்ளமோ வந்த நாள் முதல் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணல்மேட்டை மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது. இத்தனை மாதம் அதன் அடியில் படுத்துக் கிடந்தவர், அதன் ஒவ்வொரு ஆணியையும் தடவியவர், இதை யோசிக்கவே இல்லை. பின்பக்கத்தைக் காட்டுவதிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்துவிட்டார்.

அன்று அவர் சுரண்டவில்லை. வள்ளத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தச் சொல் தன் வாயில் எப்படி இருக்கிறது என்று சோதித்தார். "தாங்..." என்றார். கோழிகள் திரும்பிப் பார்த்தன. டீக்கடைப் பக்கம் யாரோ பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

சலேத்தாள் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, தொண்டையில முள்ளா?"

"முன்பக்கம் அந்தப் பக்கம் இருக்கு," என்றார் அவர். தோற்றுப்போன குரல். அவள் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அவளுக்கு அதனால் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"கட்டுன நாள்லேர்ந்து பாக்கேன், நீரு என்னைக்கி முன்னால பாத்து நடந்திருக்கீரு? கலியாணத்தன்னைக்கிக் கூட, எவன் வந்திருக்கான் எவன் வரலன்னு பின்னால திரும்பிப் பாத்துக்கிட்டேதான் பீடத்துக்குப் போனீரு. ஆயுசு பூராவும் பின்னாலயே போன மனுசன், இந்த வள்ளத்த மட்டும் முன்னாலதான் ஓட்டணுமாக்கும். போமே, பின்னாலயே போமே!"

அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா, யோசனையாக எடுத்துக்கொள்வதா என்று தொம்மந்திரை கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வள்ளத்தைச் சுற்றினார். இரண்டு நுனியும் கூர்தான். சுக்கான் எந்த நுனியில் தொங்குகிறதோ அது பின்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"எது முன்னால, எது பின்னாலன்னு இதுக்கு யாரு சொன்னா?" என்றார்.

"நான் சொல்லல," என்றாள் அவள்.

மறுநாள் அவர் சுக்கானைக் கழற்றி, அதன் இரும்புக் கொண்டிகளைப் பெயர்த்து, தேரியைப் பார்த்த முகப்பில் கொண்டுபோய் அடித்தார். பாய்மரம் நிற்கும் குழியைத் தள்ளி வெட்டினார். தெருவில் சிரிப்பு அடங்கவில்லை. 'குண்டி முந்தும் வள்ளம்' என்று இஞ்ஞாசி பெயர் வைத்தார். வெளியூர்க்காரர்கள் டீயைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொம்மந்திரை, கொண்டியில் கடைசி ஆணியை அடித்து, கோணலாகத்தான் அடித்து, மீன் நெய்யைப் பலகைகளுக்குப் பூசினார். வள்ளம் கறுத்து மின்னியது.

ஆடி மாதம் கச்சான் வீசத் தொடங்கியது. மேற்கிலிருந்து தேரியை வாரிக்கொண்டு வரும் காற்று அது. ஊர் முழுக்கச் செம்மண் பறக்கும், சோற்றில் செம்மண், கண்ணில் செம்மண், உயர்த்திய பாயில் செம்மண். வள்ளத்தின் அடிமரமான ஏராவுக்கு அடியில், கடைசியாக ஒரு கை அகலத்துக்குக் கொட்டலசு மீதி இருந்தது. அதை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு, ஊரே பார்க்கச் சுரண்டினார். கடல் வேலியைத் திறந்துகொண்டு முற்றத்துக்குள் வந்து வள்ளத்தின் அடியைத் தொட்டது. தொட்டு, நின்றது. வள்ளம் அசைந்தது, எழவில்லை. ஏரா மணலில் புதைந்து கிடந்தது. ஒரு தள்ளு வேண்டும்.

தெருவின் இரு பக்கமும், சுவர்மேலும், கூரைமேலும் ஊர் நின்றது. ஆண்கள் எல்லோரும் கையைக் கட்டியிருந்தார்கள். முன்னால் கஸ்பார், கட்டைவிரல்களை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். சாமியார் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் கைகளை அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார். ரெஜினாள் தன் சமையல் சாய்ப்பின் ஓலையையும் கம்பையும் முந்தின நாளே பிரித்து அடுக்கி, கடலுக்கு வழி விட்டிருந்தாள்.

சலேத்தாள் சோற்றுப் பானையோடு வள்ளத்தில் ஏறினாள்.

"பொம்பள ஏறப்படாதே!" என்று கூரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"பின்னால போற வள்ளத்துக்கு என்னலே சட்டம்?" என்றாள் அவள், பானையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு.

தொம்மந்திரை சுக்கான் பக்கம் ஏறி நின்றார். வாயின் இரு பக்கமும் கையைக் குவித்தார். தெரு மூச்சை அடக்கியது. கஸ்பாரின் கழுத்து முன்னால் நீண்டது. தொம்மந்திரை அவரைப் பார்க்கவில்லை. வரிசையில் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லோருடைய தலைக்கும் மேலாக, தெருவின் கிழக்கு முனையில் வெயிலில் பரந்து கிடந்த கடலைப் பார்த்து, அப்பா கத்திய அதே தொண்டையில், கத்தினார்:

"தாங்கு!"

அந்த ஊரில் அந்தச் சொல்லை எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டிருப்பது கடல்தான். அது வந்தது. கோயிலுக்கு முன்னால் எழுந்து, டீக்கடைப் பெஞ்சுகளை உருட்டிவிட்டு, ரெஜினாளின் மேசையைச் சுற்றிக்கொண்டு, தெருவின் அகலம் முழுக்கத் தோளைக் கொடுத்துக்கொண்டு வந்து, வள்ளத்தின் அடியில் புகுந்து, தூக்கியது. கச்சான் பாயில் அடித்தது. வள்ளம், பின்பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, முற்றத்தை விட்டு இறங்கித் தெருவில் ஓடியது.

ஆனால் அந்தச் சொல் கடலின் காதில் மட்டும் விழவில்லை. வரிசையின் கோடியில் ஒரு கை அவிழ்ந்தது. இன்னொன்று அவிழ்ந்தது. கஸ்பாரின் கட்டைவிரல்கள் அக்குளிலிருந்து துள்ளி வெளியே வந்தன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றை மறுபடி செருகப் பார்த்தார், அவை நிற்கவில்லை, அவரையும் இழுத்துக்கொண்டு ஓடின. சுவரிலிருந்தவர்கள் குதித்தார்கள். கூரையிலிருந்தவன் உருண்டான். வள்ளம் போகப் போகக் கடலும் தெருவைச் சுருட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனதால், அவர்கள் காலடியில் தண்ணீர் இல்லை. சேறும் துடிக்கும் மீனும்தான் இருந்தன. வழுக்கி விழுந்து, எழுந்து, கைகளை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். எந்தக் கையும் வள்ளத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் சுக்கானுக்கு ஒரு சாண் பின்னால்தான் இருந்தது.

கொடிமரத்தைத் தாண்டி, வலை மேட்டைத் தாண்டி, வள்ளம் அலை மடங்கும் இடத்தில் ஒரு தடவை குதித்து அந்தப் பக்கம் விழுந்தது. கலப்பத்து ஒரு இடத்தில் கசிந்தது. சலேத்தாள் சோற்றுப் பானையின் மூடியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே பின்னால் பார்த்தாள். ஆண்கள் நெஞ்சளவுத் தண்ணீரில் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

"பாவம், கஸ்பாருக்கு மூச்சு எரைக்கி. பாயக் கொஞ்சம் தளத்தும்."

தொம்மந்திரை திரும்பிப் பார்த்தார். வரிசையாக, ஒரு பெயர் விடாமல், கைகள் நீண்டுகொண்டு வந்தன. பார்க்கப் பார்க்க அவருடைய முகம் ஒருமாதிரி ஆனது.

"கூப்பிட்டா கை வருது சலேத்து," என்றார். "அப்ப, கட்டாம விட்டிருந்தா அன்னைக்கும் வந்திருக்கும்."

அவள் மூடியால் இன்னும் தண்ணீர் இறைத்தாள்.

"தளத்தும்ங்கேன்."

"ஓடியாரட்டும்," என்றார் தொம்மந்திரை. பாய்க்கயிற்றை இன்னும் ஒரு பிடி இழுத்து, கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.